கேள்வித் தோணி

என் வீட்டுக்காரரின் பெயரை நான் சொல்லக் கூடாது. பெண்டாட்டி வாயால் பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். அவர் இருந்த வரைக்கும் அதற்குப் பயந்து சொல்லவில்லை. போன பிறகும் நாக்கு வரமாட்டேன் என்கிறது. பசியாவரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், தோணிக்காரத் தேசப்பன் என்று. கேள்வித் தோணிக்காரன் என்றும் சொல்லுவார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரிக்கு நடுவே இருக்கும் தீவு. அக்கரையில் டவுன், டவுனுக்கு முன்னால் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின் கோட்டை. கோட்டை மேல் அவர்கள் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போவது என் வீட்டுக்காரரின் வேலை. ஊர் முறையில் எங்களுக்கு ஏரியில் பாடும் உண்டு. பாடு என்றால், எந்த இடத்தில் எந்த ஊர், எந்த வீடு, எந்த நாள் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்திருப்பது. அந்த முறை வரும் நாளில்தான் எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு. தோணி தண்ணீரில் ஓடியதே தவிர, அதில் வீடு ஓடவில்லை.

எங்கள் தீவுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததே ஒரு கூத்து. கோட்டையிலிருந்து ஒரு நாள் சீட்டு வந்தது. படிக்க ஆளில்லை. கோட்டைக்காரன் நம்மை மதித்து எழுதி அனுப்பியிருக்கிறான் என்று அதை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஏரியில் இறங்கினோம். மூன்று நாளைக்கு அந்தப் பக்கம் வலை போடாதே, வெடிமருந்துப் படகு வருகிறது என்று அதில் எழுதியிருந்ததாம். எட்டு வலையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊர்த்தலைவர் நாட்டார் துளசிங்கம் தலையில் அடித்துக்கொண்டு, ஊருக்கு நாலு பேராவது படிக்கத் தெரியவேண்டும் என்று டவுன் வாத்தியாரிடம் ஆறு பையன்களை அனுப்பினார்.

காலையில் இருட்டு பிரியும்போது தோணி ஏறுவார்கள். பாதித் தூக்கத்தில் போவார்கள், அதனால் பேச்சே இருக்காது. பொழுது சாயத் திரும்பி வரும்போதுதான் கூத்து. மணலில் எழுதி விரல் தேய்ந்து, எண்சுவடியைக் கத்தித் தொண்டை கட்டி, பிரம்படியும் வாங்கிக்கொண்டு வரும் பையன்களிடம் இவர் வாயைத் திறப்பார். "மடவ மீனு தண்ணிய வுட்டு ஏன்டா துள்ளுது?" என்று கேட்பார். பதில் தெரிந்து கேட்கிற ஆள் இல்லை. அவருக்கும் தெரியாது. அதுதான் பையன்களுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

தோணிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அதில் ஏறி யார் எதைச் சொன்னாலும், கூடவே இது கண்டதா, கேட்டதா, நினைத்ததா என்று சொல்லிவிட வேண்டும். மூன்றும் தப்பில்லை. நினைத்ததைக் கண்டதாகச் சொன்னால்தான் தப்பு. அப்படிச் சொன்னவன் கரை சேரும் வரைக்கும் தோணிக்குள் ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும்.

மடவை ஏன் துள்ளுகிறது என்ற கேள்விக்கு, பெரிய மீன் துரத்துகிறது என்று ஒருத்தன் சொல்லுவான். "கண்டியா?" "இல்ல மாமா, நெனச்சேன்." "சரி, நல்லா நெனச்சிக்கிற. நாளைக்கிப் பாத்துட்டு வந்து சொல்லு." மறுநாள் அவன் விடிவதற்கு முன்னால் கரையில் போய் உட்கார்ந்திருப்பான். பெரிய மீன் இல்லாத ஆழமில்லாத் தண்ணீரிலும் அது துள்ளுகிறது என்று சாயங்காலம் வந்து சொல்லுவான். சொன்னதும் இவருக்கு முகம் மலரும். இவ்வளவு நாள் நினைத்தது தப்பு என்று தெரிந்ததற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? இவர் படுவார். மடவை ஏன் துள்ளுகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தத் தோணியில் ஏறின எவருக்கும் தெரியாது.

அந்தத் தோணியில் என் மகள் இருசம்மாளும் இருப்பாள். பெண் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தண்ணீர் இறைக்க என்று சொல்லிக்கொண்டு அவள் அப்பாவோடு போவாள். ஒன்பது வயது. பையன்கள் வாத்தியாரிடம் படித்ததை வரும் வழியில் இவளிடம் ஒப்பிப்பார்கள். இவள் கேட்கிற கேள்வியில் அவர்களுக்குப் பாதி மறந்துவிடும். கங்காதரன் என்று ஒரு பையன், நல்ல சூட்டிகை. அவன் மட்டும் இவளிடம் தோற்றாலும் அழமாட்டான்.

வாத்தியார் ஒரு நாள் தோணி ஏறி எங்கள் வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிட்டார். பாவம், தலைப்பாகை எல்லாம் நனைந்திருந்தது. ஆறேழு நாற்பத்திரண்டு என்று சொல்லிக்கொடுத்தால், பையன்கள் மட்டிச் சிப்பியை ஆறு ஆறாக ஏழு வரிசை அடுக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க ஐயா, சரியாத்தான் இருக்குது" என்கிறார்களாம். "நான் சொன்னால் போதாதா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "போதும் ஐயா. ஆனா சரியா இருந்துச்சே, அதுல உங்களுக்குத்தானே பெருமை" என்றார். வாத்தியார் நான் கொடுத்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுப் போனார்.

இந்த மனுஷன் ஏன் இப்படி ஆனார் என்று கேட்பார்கள். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று பார்ப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறவியிலேயே அப்படி. தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சில் கையை நிறுத்தி, "ஏன் மூணு?" என்று பூசாரியைக் கேட்டவர். என் நாத்தனார் முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் அந்த முடிச்சு விழுந்தது. அப்படிப்பட்ட ஆளோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தேன். உலையில் அரிசி வேகும்போது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, முதலில் எந்த அரிசி மேலே வருகிறது என்று பார்ப்பார். கோபம் கோபமாக வரும். இப்போது உலை வைக்கும்போது பக்கத்தில் ஆளில்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

அந்த மாசி மாதத்து விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பாட்டுக்கும் வடகரைக் குப்பத்துப் பாட்டுக்கும் நடுவே ஏரியில் ஒரு கழி நட்டிருக்கும். எல்லைக்கழி. தோணி போகும் ஓடையின் ஓரத்திலேயே அது நிற்கும். இரண்டு ஊர் ஆளும் சேர்ந்து வந்து, தேங்காய் உடைத்துத்தான் அதைத் தொடவேண்டும். தனியாக எவன் தொட்டாலும் ஒரு வருஷத்துக்கு அவன் வீட்டுக்குப் பாடு கிடையாது. இது தாத்தன் பூட்டன் காலத்துக் கட்டு.

அன்றைக்குச் சாயங்காலம் தோணியில் மடவைப் பேச்சு. மீன் துள்ள, பையன்கள் எல்லாரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்க, தோணி சாய்ந்து திரும்பி, பின்பக்கம் எல்லைக்கழியில் மோதிவிட்டது. கழி பிடுங்கிக்கொண்டு மிதந்தது. காற்றும் நீரோட்டமும் தோணியை வடக்கே தள்ளிக்கொண்டு போக, இவர் மிதக்கிற கழியைத் துரத்திப் பிடித்தார். பொழுது போகிறது. இரண்டு ஊரையும் கூப்பிட்டுத் தேங்காய் உடைக்க யார் இருக்கிறார்கள்? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். அந்தக் கழிக்கு ஓர் அடையாளம் உண்டு. ஓடை ஓரமாகவே போனால், மேட்டில் நிற்கும் ஒற்றைப் பனைக்குப் பின்னால் கோட்டைக் கொடிமரம் மறைகிற இடம்தான் எல்லை. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். இவர் பனையைப் பார்த்தார், கொடிமரம் அதன் பின்னால் மறையும் வரைக்கும் நடந்தார், "இங்கதான்" என்று கழியை அழுத்தி நட்டார். அடியில் சிப்பி மேடு போலிருக்கிறது, நறநறவென்று இறங்கியது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "சரி வுடு, யாருக்கும் சொல்லாத" என்றேன். இரண்டு பேரும் அதோடு மறந்துவிட்டோம்.

அடுத்த பத்து நாளும் எங்கள் ஊர் வலையில் எறா குவிந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பொங்கல் வைத்தோம். அம்மன் என்ன நினைத்தாளோ தெரியாது.

பதினோராவது நாள் வடகரைக் குப்பத்தார் நாலு படகில் வந்து இறங்கினார்கள். கழி இடம் மாறி அவர்கள் பாட்டுக்குள் முப்பது பாகத் தூரம் தள்ளி நிற்கிறது, உங்கள் வலை எங்கள் எறாவை அள்ளுகிறது என்றார்கள். அவர்கள் ஆள் ஒருவர் முங்கிப் பழைய குழியையே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் நாட்டாருக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கள் ஊர் ஆள் செய்தான் என்றால் ஊருக்கே கேவலம். சுற்றிப் பார்த்தார். "எங்க ஆளு எவனும் தொட்டிருக்க மாட்டான். அந்தச் சேத்துல நாளெல்லாம் நடக்கிறவன் சடையன்தான்" என்றார்.

சடையன் இருளர். தீவின் மேற்குக் கரையில் நாலு குடிசை அவர்களுடையது. வலை கிடையாது, பாடு கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் குனிந்து கையால் சேற்றைத் தடவி எறாவும் நண்டும் பிடிப்பார்கள். அவ்வளவுதான் பிழைப்பு. நாட்டார் அந்தப் பெயரைச் சொன்னதும் கூட்டம் முழுக்க, ஆமாம் ஆமாம் என்றது. அவன் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன் என்று ஒருத்தன் சொன்னான். விறகுக்கு ஆட்டிப் பார்த்தானாம் என்று இன்னொருத்தன் சொன்னான். மூன்றாம் நாள் பஞ்சாயத்து, அதுவரை நாலு குடிசையும் ஏரியில் காலை வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று. குற்றம் உறுதியானால் அடுத்த மழைவரைக்கும் அந்தத் தடை. மழைக்கு இன்னும் ஏழு மாதம். சடையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி காசியம்மாள் மட்டும், "நாங்க தொடல சாமி" என்று ஒரு தடவை சொன்னாள்.

அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் இவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கையை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் போயி சொல்லிட்றேன்" என்றார்.

"இன்னானு சொல்லுவ? நீ சரியான எடத்துலதானே நட்ட?"

"சரியாத்தான் நட்டேன்."

"அப்பறம் எவனோ புடுங்கி மாத்தி நட்டுக்கிறான். அதுக்கு நீ இன்னா பண்ணுவ? தொட்டேன்னு சொன்னாலே ஒரு வருசப் பாடு போச்சு. பொண்ணுக்கு இன்னாத்தப் போட்றது, உன் கேள்வியா?"

நான் சொன்னதில் நியாயம் இருந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். பயத்துக்கு நியாயத்தின் சட்டையைப் போட்டுவிட்டால் அடையாளமே தெரியாது. மறுநாள் அவர் வாயைத் திறக்காமல் தோணி தள்ளினாராம். பையன்கள் வந்து, மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார்கள்.

அதற்கடுத்த நாள் நான் டவுனுக்குக் கருவாடு கொண்டுபோனேன். சாயங்காலம் அதே தோணியில் திரும்பினேன். அன்றைக்கும் ஒரு பேச்சு இல்லை. தோணிக் கழி ஊன்றும் சத்தம் மட்டும்தான். எல்லைக்கழி பக்கத்தில் வரும்போது இருசம்மாள் தொப்பென்று தண்ணீரில் குதித்தாள். நெஞ்சளவு தண்ணீர். காலால் அடியில் தடவினாள்.

"நைனா, சிப்பி கீது" என்றாள்.

இவர் தோணியை நிறுத்தினார்.

"அன்னிக்கி நீ நட்டப்ப நறநறன்னுச்சே. கழி இப்பவும் அதே சிப்பிலதான் நிக்குது. சுத்திப் பாத்துட்டேன், வேற எங்கியும் சிப்பி இல்ல, வெறும் சேறுதான்."

கங்காதரன் எழுந்து நின்றான். "அப்ப நட்ட எடத்துலயேதான் கீது. அப்பறம் யாரும் புடுங்கல" என்றான்.

பிள்ளைகள் எங்கே போய் நிற்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லோகநாதன் என்கிற சின்னவன் அதைச் சொல்லியும் விட்டான். "அப்ப மாமாவே தப்பா நட்டுட்டாரா?"

"இல்ல" என்றான் கங்காதரன். பனையைப் பார்த்தான். "இங்கேர்ந்து பாத்தா நேராத்தான் கீது. பனைக்குப் பின்னாடி கொடிமரம் தெரியவே இல்ல." கொஞ்ச நேரம் நெற்றியைச் சொறிந்தான். "மாமா, ஐப்பசிப் புயல்ல கொடிமரம் வுழுந்துச்சே. தை மாசம் புதுசா நட்டாங்களே. பழைய மூலைலயா நட்டாங்க?"

என் வீட்டுக்காரர் திரும்பிக் கோட்டையைப் பார்த்தார். தோணி தன்பாட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு தோணிக் கழியை மடியில் போட்டுக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"தெக்கு மூலைக்கு மாத்திட்டாங்கடா. நான் தெனமும் அதும் கீழதான் தோணியக் கட்றேன்" என்றார்.

கொடிமரம் தெற்கே நகர்ந்தால், பனைக்குப் பின்னால் அது மறைகிற இடம் வடக்கே நகர்ந்துவிடும். எல்லாரையும் போல அவரும் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அடையாளத்தைப் பார்த்துக் கழியை நடும்போது மட்டும் அவர் கண்ணுக்குப் பழைய கொடிமரம்தான் தெரிந்திருக்கிறது. அப்பாவும் தாத்தாவும் சொல்லிக்கொடுத்த அடையாளம் ஆயிற்றே, அதை யார் சந்தேகப்படுவார்கள்?

நான் அப்போது செய்ததை மறைக்கப் போவதில்லை. எழுந்து நின்று கத்தினேன். "இந்தப் பேச்சு கரை ஏறக் கூடாது. எவனாவது வெளிய வாயத் தொறந்தீங்க, நாளையிலேர்ந்து ஒருத்தனும் இந்தத் தோணில ஏற முடியாது" என்றேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருசம்மாள் தண்ணீரில் நின்றபடியே அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டுத் தோணியைத் தள்ளினார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அந்த வெட்கத்தில் பாதி என்னுடையது.

மறுநாள் பொழுது சாய, கோயில் பூவரசு மரத்தடியில் பஞ்சாயத்து. வடகரைக் குப்பத்தார் ஒரு பக்கம், எங்கள் ஊர் ஒரு பக்கம். சடையனும் காசியம்மாளும் வெயிலில் தள்ளி நின்றார்கள். பெண்கள் நாங்கள் பின்னால். பிள்ளைகள் கோயில் சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். நாட்டார் துளசிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சடையா, ஏன் தொட்ட?" என்று ஆரம்பித்தார்.

"நாட்டாரே, கழியத் தொட்டது நானு" என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தோணி மோதியது, மிதந்தது, பனையைப் பார்த்தது, கொடிமரம் இடம் மாறியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "மூணு நாளா தொட்டத மட்டும் தெரிஞ்சிக்கினு சும்மா இருந்தேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து தப்பும் என்னுதுனு தெரிஞ்சும் சும்மா இருந்தேன். பயந்துட்டேன். கழிய அப்பறம் எவனும் மாத்தல, கொடிமரம்தான் மாறிடுச்சுன்னு கண்டுபுடிச்சது பசங்க" என்றார். வடகரைக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து பனையைப் பார்த்தார், கோட்டையைப் பார்த்தார், "அட ஆமா" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் ஊரிலும் ஒருத்தரும் கவனிக்கவில்லை.

சடையனைப் போகச் சொன்னார்கள். அவன் அதற்கும் கும்பிட்டுவிட்டுப் போனான். பிறகு இவர் முறை. கட்டு கட்டுதான், ஒரு வருஷப் பாடு போயிற்று. ஆனால் நாட்டாருக்கு உள்ளே புகைந்துகொண்டிருந்தது. வெளியூர்க்காரன் முன்னால், ஊர் பூராவும் தப்பாகச் சொன்னதை ஆறு பொடிசுகள் கண்டுபிடித்தன என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

"தேசப்பா, நீ தானா வந்து சொன்னதால பாதி கொறைக்கலாம். ஆறு மாசம். ஆனா ஒண்ணு. நாளையிலேர்ந்து பசங்களக் கொண்டாந்து வுடறதோட உன் வேல முடிஞ்சிது. தோணில இந்தக் கேள்வி கீள்வி எல்லாம் வேணாம். இன்னிக்கிக் கழியக் கேப்பானுங்க, நாளைக்கி என்னக் கேப்பானுங்க" என்றார்.

நான் மனசுக்குள் கும்பிட்டேன். சரி என்று சொல்லிவிடு, ஒரு வாய் வார்த்தைதானே, ஆறு மாதச் சோறு என்று அம்மனை வேண்டிக்கொண்டேன். இவர் சுவரோரம் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அவர்கள் ஆறு பேரும் என் மகளும் இவரைப் பார்த்தார்கள்.

"ஒரு வருசமே இருக்கட்டும் நாட்டாரே" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் ஆடின ஆட்டத்தை ஊரே கேட்டது. ஊருக்கு உபதேசம், வீட்டுக்குப் பட்டினியா என்று சட்டியை உடைத்தேன். அவர் உடைந்த ஓட்டைப் பொறுக்கிப் போட்டார். "நேத்து தோணில அதுங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசியிருந்தா நான் இன்னிக்கி ஆறு மாசத்துக்கு ஒத்துக்கினு இருப்பேன் கஸ்தூரி. பேசாம வந்தேன். அதுங்க மூஞ்சப் பாத்தப்பறம் முடியல" என்றார். அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் மூன்று பையன்களை வீட்டார் அனுப்பவில்லை. நாலாம் நாள் அனுப்பினார்கள். வேறு தோணி ஏது? சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார்கள், அப்போதுதான் கேள்வித் தோணி என்ற பெயரே வந்தது.

பாடு இல்லாத வீட்டில் பானை எத்தனை நாள் பேசும்? பங்குனி பாதியில் அரிசி தீர்ந்தது. கருவாடு போட மீன் இல்லை. கைவசம் வலை இருந்தும் போட இடமில்லை. கையால் பிடிப்பதற்குப் பாடு வேண்டாம். ஆனால் எங்கள் சாதிப் பெண் எவளும் சேற்றில் குனிந்ததில்லை. மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய்க் காசியம்மாள் குடிசை முன்னால் நின்றேன். "எனக்கும் காட்டிக் குடு" என்றேன். ஏன் எதற்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓலையில் பின்னின பறி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதைக் கழுத்துக்குக் கீழே தொங்கவிட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் போக வேண்டும். எறா விரலில் பட்டதும் அமுக்கிப் பறியில் போட வேண்டும். வாயில் கயிறு இருப்பதால் பேச முடியாது. முதல் நாள் எனக்கு நாலு எறாவும் ஒரு நண்டுக் கடியும் கிடைத்தது. ஒரு மாதத்தில் கை பழகியது. இடுப்பு ஒடிந்தது, ஆனால் வீட்டில் சோறு வெந்தது. இவர் தோணியிலிருந்து எங்களைப் பார்த்துக் கை காட்டுவார். பையன்கள், எறா கை படுவதற்கு முன்னாலேயே எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுக் கத்துவார்கள். பல்லில் கயிறோடு நான் எப்படிப் பதில் சொல்ல?

ஆனி மாதத்தில் ஒரு நாள் தண்ணீர் சூடாக இருந்தது. எனக்கு மனசு தாங்கவில்லை. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"காசி, ஒண்ணு சொல்லணும். பஞ்சாயத்துக்கு முந்தின நாளே எங்களுக்குத் தெரியும். பசங்க கண்டுபுடிச்சிட்டாங்க. நான்தான் மெரட்டி வாய மூடுனேன். உன் புருசன் பழி சொமக்கட்டும்னு நெனச்சேன்" என்றேன்.

அவளும் நிமிர்ந்தாள். பறியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா. அன்னிக்கே பசங்க வந்து சொல்லிட்டாங்க" என்றாள்.

"எப்ப?" என்றேன்.

"அந்தச் சாயங்காலமே, தோணி விட்டு எறங்கின ஈரத்தோட. ஒம் பொண்ணுதான் பேசிச்சு. சிப்பிய, கொடிமரத்த, எல்லாத்தையும் சொல்லிச்சு. நான் ஒடனே நாட்டாருகிட்ட ஓடலாம்னு எழுந்தேன். அது என் கையப் புடிச்சிக்கிச்சு. நாளைக்கி நைனாவே சொல்லிடுவாரு, அவரு சொல்லலன்னா நாங்க ஏழு பேரும் எழுந்து சொல்றோம், அதுவரைக்கும் பொறுத்துக்க அத்தைன்னு அழுதுச்சு."

"நீ பொறுத்துக்கினியா? உன் வீட்டுச் சோறு போவுது, நீ பொறுத்துக்கினியா?"

"அது அவ்ளோ நிச்சயமா சொல்லிச்சு" என்றாள் காசியம்மாள். "எங்க சனத்துக்காக அதுவரைக்கும் யாரும் அப்பிடி சொன்னதில்ல. சரி, ஒரு ராத்திரிதானேன்னு இருந்துட்டேன்."

அப்படியென்றால் அன்று மரத்தடியில் ஏழு பிள்ளைகளும் எழுந்து நிற்கத் தயாராகத்தான் குந்தியிருந்திருக்கிறார்கள். அந்த ஏழு பேரும் இவரைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்கு நடு ஏரியில் நின்றபோதுதான் விளங்கியது. என் வயிற்றில் பிறந்தது, நான் மிரட்டியும் ஊர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல், அப்பனையும் விட்டுக்கொடுக்காமல், சடையனையும் கைவிடாமல், ஒரே சாயங்காலத்தில் வழி பார்த்திருக்கிறது. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"தெரிஞ்சுமாடி எனக்குத் தொழில் காட்டிக் குடுத்த?" என்று கேட்டேன்.

"நீ பசின்னு வந்து நின்ன" என்றாள். பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, நான் தடவாமல் விட்ட பக்கத்தைக் கையால் காட்டிவிட்டுக் குனிந்தாள். நானும் குனிந்தேன்.